ஒரு கார் பிராண்டுக்கென்று தனிக் குணம் எங்கிருந்து வருகிறது?

"சில கார் கம்பெனிகளுக்கு மட்டும் உயிரை விடும் ரசிகர்கள் இருக்கிறார்களே, ஏன்? எல்லாமே நாலு சக்கரமும் ஒரு ஸ்டீயரிங்கும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக முதல் கார் வாங்கப் போகிறீர்கள். ஆளுக்கொரு பிராண்டைச் சொல்லி உங்களைக் குழப்பியிருப்பார்கள். எந்தக் காரை வாங்கலாம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த "எல்லாமே ஒன்றுதானே" என்ற இடத்தில் பேசாமல் போக முடியவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1969 மாடல், மார்க் 3, நாலு கதவு. அப்பா 1979-ல் ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினார். இன்னும் ஓடுகிறது.

இந்தக் காலப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரே தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் போகும் வழியில் ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் 1961-லிருந்து இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் கார் செய்வதை 1963-லேயே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயர் அதற்கப்புறம் 25 வருஷம் நம் ஊரில்தான் உயிரோடு இருந்தது.

குணத்துக்கு வருகிறேன். விளம்பரத்தாலோ லோகோவாலோ ஒரு பிராண்டுக்குக் குணம் வந்துவிடாது. அதைச் செய்தவர்கள் ஏதோ ஒரு நெருக்கடியில் ஒரு முடிவு எடுத்திருப்பார்கள். வாங்கியவன் அந்த முடிவோடு தினமும் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். அப்படி வாழ்ந்து பழகியவர்களுக்கு ஒரு கை, ஒரு காது, ஒரு பேச்சு வந்துவிடும். குணம் என்று நீங்கள் கேட்பது அதுதான் என்பது என் அனுபவம்.

ஹெரால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் உலகமே சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் இல்லாத ஒற்றைக்கூட்டு பாடிக்கு மாறிக்கொண்டிருந்தது. ஹெரால்டைச் செய்த இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு மட்டும் ஒரு சிக்கல். அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 1953-ல் வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லை. அதனால் பழைய முறைப்படி தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து போல்ட் போட்டு இணைத்தார்கள். இத்தாலியின் டூரின் நகரத்து கார் வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959-ல் வெளிவந்தது.

அங்கே ஒரு கம்பெனிக்கு பாடி செய்ய ஆள் கிடைக்காமல் போனதால் இங்கே திருவல்லிக்கேணியில் என் அப்பாவுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? பானெட். மற்ற கார்களில் மேல் தகடு மட்டும்தான் திறக்கும். ஹெரால்டில் இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்துவிட்டுத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுவதும் மூக்கைத் தரையில் வைத்துக் குப்புறக் கவிழ்கிற மாதிரி முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில். அப்பா முன் டயர் மேல் ஒரு பழைய துண்டை விரித்து, திண்ணையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பாயிண்ட்டைத் தேய்ப்பார். நான் எதிர் டயரில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் போகிற எல்லோரும் ஒரு நிமிஷம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இன்னொன்று, அந்த வண்டியின் வளைவு. 25 அடி அகலம் இருந்தால் ஒரே சுற்றில் திரும்பிவிடும். எங்கள் தெருவில் மாடு, கைவண்டி, கோலம் எல்லாவற்றுக்கும் நடுவில் அப்பா ரிவர்ஸ் எடுக்காமல் திருப்புவதைப் பார்க்கவே எதிர்வீட்டுத் தாத்தா வாசலில் நாற்காலி போட்டிருப்பார்.

சரி, நல்லதை மட்டும் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. கெட்டதும் உண்டு. உண்மையில் எனக்கு அந்தக் காரின் குணம் விளங்கியது அந்தக் கெட்டதால்தான்.

ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். எஞ்சினின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் சேஸிஸில் நிலையாக நிற்கும். அதன் இரண்டு பக்கமும் சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளான ஆக்சில் ஷாஃப்ட்டுகள் பறவையின் சிறகு மாதிரி மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் சக்கரங்கள் காலை அகட்டி நிற்கும், அப்போது வண்டி தரையோடு ஒட்டி ஓடும். பின்னால் ஆளே இல்லாமல் வளைவுக்குள் வேகமாகப் போய், நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ, பாரம் முன்னால் போய்ப் பின்பக்கம் எழும்பும். சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும், டயர் விளிம்பில் நிற்கும், பின்பாகம் உங்களை முந்தப் பார்க்கும்.

1988 மே மாதம். எனக்கு 19 வயது, லைசென்ஸ் எடுத்து நாலு மாதம். சேலத்தில் இருக்கும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனோம். ஏறும்போது அப்பா ஓட்டினார். ஐந்து பேர், 948 சி.சி. எஞ்சின். இங்கிலாந்தில் இதே காருக்கு 1961-லேயே 1147 சி.சி. போட்டு, அப்புறம் 1296 வரை போய்விட்டார்கள். நமக்குக் கடைசிவரை 948தான். ஆனால் நாலு கதவு என்பது நம் ஊர் ஹெரால்டுக்கு மட்டும் கிடைத்தது, அங்கே கடைசிவரை வரவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 20, ஒவ்வொன்றிலும் முதல் கியர். பாதி வழியில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினோம். மற்றபடி ஒன்றும் இல்லை.

மறுநாள் பெரியம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. சேலத்தில் அவர் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போக நானும் அப்பாவும் மட்டும் கிளம்பினோம். "நீ ஓட்டு" என்றார். இறக்கம், பின்சீட்டு காலி. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது கியரில் இறங்கினேன். இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் வேகம் அதிகம் என்று தெரிந்தது. பயந்து காலை எடுத்து பிரேக்கை மிதித்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து எதையோ உருவிவிட்ட மாதிரி இருந்தது. கண்ணாடியில் மலை, வானம், மறுபடியும் மலை. வண்டி முழுசாகத் திரும்பி, வந்த பாதையையே பார்த்து நின்றது. பின் பம்பருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. எதிரே எதுவும் வராமல் இருந்ததால்தான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா திட்டுவார், சாவியைப் பிடுங்கிக்கொள்வார் என்று காத்திருந்தேன். இறங்கி, நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் குறைச்சுக்கணும். உள்ள போனப்புறம் காலை எடுக்கக் கூடாது, லேசா மிதிச்சுக்கிட்டே வரணும். திருப்பு. மீதி வளைவையும் நீதான் ஓட்டுற" என்றார். கால் நடுங்க ஓட்டினேன். நாலைந்து வளைவு தாண்டியதும் பின்பக்கம் எப்போது இறுகுகிறது, எப்போது எழும்பப் பார்க்கிறது என்பது முதுகில் தெரிய ஆரம்பித்தது. மாத்திரை வாங்கிவிட்டுத் திரும்பும்போது அப்பா கடைவீதியில் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டு வாங்கி டிக்கியில் போட்டார். விலை மலிவு என்று அம்மாவிடம் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு, "ஆளைக் கொல்லும் காரைப் பெருமையாகப் பேசுகிறாயா?" என்று சிலர் கேட்பார்கள் என்று தெரியும். இல்லை. ஸ்விங் ஆக்சில் நல்ல டிசைன் என்று நான் சொல்லவே இல்லை. இன்றைய கார்களின் பாதுகாப்பு எவ்வளவோ மேல். என் மகளை ஹெரால்டில் நெடுஞ்சாலைக்கு நான் அனுப்புவதில்லை. கம்பெனியே 1970-களில் கெஸல் மாடல் கொண்டுவந்தபோது இந்த ஆக்சிலை எடுத்துவிட்டுச் இரண்டு சக்கரமும் ஒன்றாகவே அசையும் சாதாரண இறுக்க ஆக்சில் போட்டது. சரியான முடிவுதான். ஆனால் கெஸல் வைத்திருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் கார் பற்றிப் பேசும்போது பெயிண்ட், குரோம், சீட் துணி என்று பேசுவார்கள். ஹெரால்டுக்காரர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு பத்து நிமிஷத்தில் பின் ஸ்பிரிங்குக்கு வந்துவிடும்.

குணத்தைக் கடன் வாங்க முடியாது என்பதற்கும் அதே கம்பெனியில் சாட்சி இருக்கிறது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உருவம் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. 1977-ன் சிறந்த ஐரோப்பியக் கார் என்று பரிசு வாங்கிய உருவம், 3.5 லிட்டர் வி8 எஞ்சினை மனதில் வைத்துச் செய்தது. நம் ஊரில் அதற்குள் வைத்தது 1991 சி.சி. பழைய எஞ்சின். அதன் வேர் 1940-களின் ஸ்டாண்டர்டு வான்கார்டு கார். அதே குடும்பத்து எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. மூன்றே வருஷத்தில், 1988-ல், எல்லாம் முடிந்தது. வெளியே ஒன்று சொல்லி உள்ளே வேறொன்று இருந்ததை வாங்கியவர்கள் மன்னிக்கவில்லை. ஹெரால்டு தன் குறையை ஒளித்ததில்லை.

அம்பாசடர்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். என் மாமனார் அம்பாசடரில்தான் எங்கள் கல்யாணத்துக்கு வந்தார். அந்தக் காருக்கும் குணம் உண்டு, வேறு மாதிரியான குணம். அது அரசாங்கமும் டாக்ஸியும் கலெக்டர் ஆபீஸும் சேர்ந்து கொடுத்தது.

சொல்ல வந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் ரொம்ப நாளாக இருக்கிறது. நாங்கள் இப்போது அபார்ட்மெண்ட்டில் இருக்கிறோம். போன வருஷம் அசோசியேஷனிலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள்: "பயன்பாட்டில் இல்லாத பழைய வாகனத்தை அகற்றவும்." என் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறேன், இன்ஷூரன்ஸ் இருக்கிறது, வாரம் ஒருமுறை மெரினா வரை போய்வருகிறது. என் சொந்த பார்க்கிங் இடத்தில்தான் நிற்கிறது. ஒரு வீட்டுக்கு மூன்று பெரிய கார்கள் வைத்துக்கொண்டு, ஒன்றை விருந்தினர் இடத்தில் மாதக்கணக்கில் தூசி பிடிக்க நிறுத்தியிருப்பவர்களுக்கு நோட்டீஸ் இல்லை. கூட்டத்தில் கேட்டேன். "அது புது வண்டி சார்" என்று பதில் வந்தது. இந்தப் பேச்சு என்னை எவ்வளவு வருத்தியது என்று சொல்ல வார்த்தை இல்லை. அன்றைக்கு என் மனைவிதான் எழுந்து, தூசி எந்த வண்டியில் இருக்கிறது என்று எல்லோரும் கீழே வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். யாரும் வரவில்லை. நோட்டீஸை மட்டும் கிழித்துவிட்டார்கள்.

சரி, கேள்விக்கே வருகிறேன். பிராண்டின் குணம் உரிமையாளர்களிடம் எப்படித் தங்குகிறது என்றால், கம்பெனி போன பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2014-ல் எங்கள் வண்டியில் ஆக்சில் ஷாஃப்ட் உடைந்தது. அப்பா போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. புதுப்பேட்டையில் கடைகடையாக ஏறி இறங்கினேன். "ஹெரால்டா? எடைக்குப் போட்டாச்சு சார்" என்றார்கள். ஒரு கடைக்காரர்தான் திருச்சியில் ஒரு பெரியவரின் நம்பர் கொடுத்தார். போன் செய்தேன். என் பெயர்கூடக் கேட்கவில்லை. "இடதா, வலதா? எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சு? பின்சீட்ல எத்தன பேர ஏத்துன?" என்று கேட்டார். தன் வண்டிக்கென்று வைத்திருந்த ஷாஃப்டைச் சாக்கில் சுற்றி, அன்றிரவே ஆம்னி பஸ் டிக்கியில் போட்டு, டிரைவர் நம்பரை எனக்கு அனுப்பினார். விடியற்காலையில் கோயம்பேட்டில் வாங்கிக்கொண்டேன். பணம் எவ்வளவு என்று கேட்டதற்கு, "ஸ்பிரிங் பட்டைக்கு நடுவுல கிரீஸ் வச்சிருக்கியான்னு போட்டோ எடுத்து அனுப்பு. அது போதும்" என்றார். அனுப்பினேன். போதாது, கழற்றி மறுபடி வை என்று பதில் வந்தது. வைத்தேன்.

போன வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒரு பையன் பேசினான். தாத்தாவின் ஹெரால்டை ஓட வைக்கப் பார்க்கிறானாம், பானெட்டின் வலப்பக்கக் கொக்கி இல்லையாம், கயிறு போட்டுக் கட்டியிருக்கிறானாம். என்னிடம் ஒரு ஜோடி உபரியாக இருக்கிறது. துடைத்து எண்ணெய் போட்டு, அப்பாவின் பழைய துண்டில் ஒரு பாதியைக் கிழித்துச் சுற்றி வைத்திருக்கிறேன். இன்றிரவு 9 மணி பஸ்ஸில் ஏற்ற வேண்டும், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.