கேமராவைப் பிடித்தவர் பெயரையும் எழுதுங்கள்

வணக்கம் ஐயா,

தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் மலேசியாவில், கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் இருக்கிறேன். அம்மா போன வருஷம் தவறிவிட்டார். அலமாரியை ஒதுக்கியபோது ஒரு மைலோ டின் நிறையப் படங்கள் கிடைத்தன. அம்மா பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். பள்ளியை விட்டதும் பாட்டியோடு பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போனார். 1979-இல் பாக்கார் ஆராங்கில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் சேர்ந்தார். படங்களில் பெரும்பாலும் அந்த ஃபேக்டரிக் கூட்டாளிகள்தான்: பஸ்ஸுக்குக் காத்து நிற்பது, யாருடைய பிறந்தநாளோ, நெட்பால் விளையாட்டு, ஃபெர்ரியில் பினாங்கு போவது. நடுவில் தோட்டத்துத் தீமிதிப் படங்கள் நான்கைந்து. 1986-க்கு அப்புறம் படமே இல்லை.

கோயில் கும்பாபிஷேக மலருக்குப் பழைய படம் கேட்டார்கள் என்று டின்னோடு கொண்டுபோனேன். தீமிதிப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் சொந்தப் படம், வரலாறு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். யாரென்றே தெரியாதவர்களை எதற்கு வைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று அண்ணனும் கேட்கிறார். எங்கள் குடும்பத்தைத் தாண்டி இவற்றால் யாருக்காவது பயன் உண்டா? வைத்துக்கொள்வதென்றால் எப்படி வைப்பது?

ஒரு வாசகி
சுங்கை பட்டாணி

அன்புள்ள சகோதரி,

ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். யாரென்றே தெரியாதவர்கள் இருக்கிற படத்தைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். தெரிந்தவர்களின் படம் நான்கு வீடுகளில் இருக்கும்.

மலர்க் குழுவினர் தீமிதிப் படங்களை எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை, ஆனால் அவர்கள் சொன்ன காரணம் சரியில்லை. தீமிதிக்கும் கல்யாணத்துக்கும் பட்டணத்து ஸ்டூடியோக்காரரைக் காசு கொடுத்து வரவழைத்தோம். அதனால்தான் எந்தத் தோட்டத்துக் கோயிலைக் கேட்டாலும் பூக்குழியும் கரகமும் உள்ள ஒரு ஆல்பம் இருக்கிறது. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டையும், பால் ஸ்டோரில் வாளி இறக்குகிற நேரத்தையும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தனக்குக் கொடுத்த மர வரிசையான நெரைக்கு ஓடுகிற தாயையும் எந்த வீட்டில் காசு கொடுத்துப் படம் எடுத்தார்கள்? எடுத்திருந்தால் அது துரைமாரோ கம்பெனியோ எடுத்ததாக இருக்கும். அப்படிப்பட்ட படங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். காண்டாவும் (தோளில் வாளி தூக்கும் கழி) வாளியுமாக ஒரு வரிசை, கீழே 'தமிழ்க் கூலிகள்' என்று ஒரு குறிப்பு. தோட்டத்தின் பெயரும் சில சமயம் ஏக்கர் கணக்கும்கூட இருக்கும். நிற்கிறவர்களின் பெயர் மட்டும் இருக்காது.

அப்புறம் 1948 வந்தது. மலாயாவில் அவசரகாலம் அறிவித்ததும் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படமும் கைரேகையும் உள்ள அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் பாட்டன் பாட்டிகளில் எத்தனையோ பேருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படம் அதுதான். நேராக முறைத்துப் பார்த்தபடி, பயந்த முகத்தோடு இருக்கும் அந்தச் சின்னப் படத்தைப் பெரிதாக்கித்தான் பல வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கிறோம். அவர் சிரித்தால் எப்படி இருப்பார் என்று பார்க்க வேறு படம் கிடையாது. பிற்பாடு அந்த அட்டையின் நிறம் குடியுரிமை உள்ளவர்களின் நீலமா, இல்லாதவர்களின் சிவப்பா என்பது 1969-இல் குடும்பங்களையே பிரித்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று ஆனதும் எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள் என்பதை உங்கள் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதுவரை நம்மைப் படம் எடுத்தது துரை, அரசாங்கம், காசு வாங்கிய ஸ்டூடியோக்காரர். உங்கள் டின்னில் இருப்பவை அம்மாவின் கூட்டாளிகள் எடுத்தவை. தோட்டத்துப் பெண் ஒருத்தியை, அவளோடு ஒரே ஷிப்ட் பார்த்த இன்னொரு பெண் எடுத்திருக்கிறாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது சிரிக்க வைத்து எடுத்திருக்கிறாள். இப்படி ஒரு படம் அதற்கு முன்னால் நம் தோட்டப்புறத்தில் மிகவும் அபூர்வம். வரலாறு என்று வேறு எதைச் சொல்வது?

அந்தக் கேமரா எங்கிருந்து வந்தது என்றும் யோசித்துப் பாருங்கள். பால் வெட்டில் மழை பெய்தால் வேலை போச்சு, மரம் இலை உதிர்த்தால் பால் குறைந்தது, சம்பளமும் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர் கைக்குத்தான் போகும். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட தோட்டங்களில் ஆளே குறைவாகத்தான் தேவைப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் பினாங்கிலும் பிறையிலும் 70-களில் தொடங்கிய ஃபேக்டரி வேலை இந்தப் பக்கமும் பரவியது. கம்பெனி பஸ் தோட்டத்து ரோட்டு முனைவரை வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டது. மழையோ வெயிலோ மாதம் பிறந்தால் சம்பளம், அதுவும் அந்தப் பெண்ணின் கையில். பாதிக்கு மேல் வீட்டுக்குப் போயிருக்கும், சந்தேகமில்லை. மிச்சத்தில் ஒரு கைக்கடிகாரம், ஒரு ஜோடிச் செருப்பு, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கேமரா. படங்கள் சதுரமாக இருந்தால் அது பெரும்பாலும் 126 ஃபிலிம் போடுகிற சின்னக் கேமராதான். ஃபிலிம் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, ஆளுக்கொரு பிரதி எடுத்துப் பகிர்ந்திருப்பார்கள். ஆகவே அதே படங்கள் இன்னும் யார் வீட்டு டின்னிலோ இருக்கின்றன.

பஸ் படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் இருக்கிறார்களா? தோட்டத்தில் பிறந்த பிள்ளை லயம், தமிழ்ப்பள்ளி, கோயில் என்று கிட்டத்தட்ட முழுக்கத் தமிழுக்குள்ளேயே வளர்ந்தது. ஃபேக்டரியில்தான் ஒரே மேசையில் மூன்று மொழிக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தப் பிறந்தநாள் படம் யார் வீட்டில் எடுத்தது? கதவுக்கு மேல் என்ன மாட்டியிருக்கிறது, மேசையில் கேக்கோடு வேறு என்ன இருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். தீபாவளிக்கும் ஹரிராயாவுக்கும் இந்தப் பெண்கள் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போய் வந்ததற்கு எந்தப் புத்தகத்திலும் சாட்சி இல்லை. உங்கள் டின்னில் இருக்கலாம்.

நெட்பால் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத் தொழிலாளர்களுக்கு 1954 முதல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. கூட்டம், மாநாடு என்று அதற்கும் படங்கள் உண்டு. எலக்ட்ரானிக் தொழிலாளர்களுக்கோ 1988 வரை சங்கம் வைக்க அனுமதியே இல்லை, அப்புறமும் அந்தந்தக் கம்பெனிக்குள் அடங்கிய சங்கம்தான். அதனால் அந்தப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து நின்றதற்கான அடையாளம் விளையாட்டுக் குழுவும் பிக்னிக்கும்தான். மைக்ராஸ்கோப்பில் எட்டு மணி நேரம் கண்ணைப் பதித்துவிட்டு வந்தும் பந்து விளையாடத் தெம்பு இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

1986-க்கு அப்புறம் படமில்லை என்கிறீர்கள். அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம். ஆனால் 1985, 86 நாட்டில் கடும் பொருளாதார மந்தம், எலக்ட்ரானிக் ஃபேக்டரிகளில் ஆள் குறைத்த காலம். கூட்டாளிகள் ஒரே சமயத்தில் கலைந்துபோனார்களா என்று உயிரோடு இருப்பவர்களைக் கேளுங்கள். அதை அம்மா உங்களிடம் சொல்லாமலே போயிருக்கலாம்.

தேதி தெரியாத படங்களுக்குப் பின்னணியைப் பாருங்கள். கடைப் பலகையில் 'சுங்கை' என்பதை ரோமன் எழுத்தில் Sungei என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பழைய பலகை. Sungai என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பலகை பழசாகவே தொங்கிக்கொண்டு இருந்திருக்கலாம், அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள். ரோட்டில் புரோட்டோன் சாகா கார் நின்றால் 1985-க்கு முந்திய படமாக இருக்க முடியாது. பினாங்குப் பாலம் திறந்ததும் அதே 1985-இல்தான். அதுவரை எல்லோருக்கும் ஃபெர்ரிதான் வழி. தூரத்தில் ஜெராய் மலை தெரிந்தால் எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று கண்டுபிடிக்கலாம். தீமிதிப் படங்களில்கூட நான் பூக்குழியைவிட அதன் பின்னால் இருப்பதைத்தான் பார்ப்பேன்: லயத்து வாசல், குழாயடி, சைக்கிள், யாரோ கழற்றிப் போட்ட ஜப்பான் சிலிப்பர். பல தோட்டங்களில் லயங்களை இடித்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) கட்டிவிட்டார்கள், அந்தக் குழாயடி எங்கே இருந்தது என்று காட்ட இனி ஓர் அடையாளமும் கிடையாது.

வைக்கும் முறை சுலபம். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டுகிற பசை ஆல்பம் வேண்டவே வேண்டாம், கொஞ்ச வருஷத்தில் படத்தைத் தின்றுவிடும். 70, 80-களின் கலர்ப் படங்கள் டின்னுக்குள் இருந்தாலும் சிவந்துபோகும், ஆகவே சீக்கிரம் ஸ்கேன் எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. கடை முத்திரை, பேனாவில் எழுதிய தேதி எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். சிவப்பைச் சரிசெய்து, முகத்தை மினுக்கிக் காட்டுகிற செயலிகளை மூலப் பிரதிமேல் ஓட்டாதீர்கள். வேண்டுமென்றால் நகலில் செய்துகொள்ளுங்கள். பெயர்களை மென்மையான பென்சிலால் பின்னால் லேசாக எழுதுங்கள், பேனா வேண்டாம். படத்தில் இருப்பவர்களின் பெயரோடு, எடுத்தவர் யார் என்றும் எழுதுங்கள். அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. கூட்டாளிகள் கூட்டமாக நிற்கிற எல்லாப் படத்திலும் ஒருத்தி மட்டும் இல்லை என்றால், கேமராவைப் பிடித்தவள் பெரும்பாலும் அவள்தான்.

மலருக்கு வருவோம். பஸ் படத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போங்கள். அந்தக் கோயிலுக்கு 80-களில் மாதாமாதம் சந்தா கொடுத்தவர்களில் ஃபேக்டரிக்குப் போன பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று ரசீதுப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன். ஆனால் படத்தில் இருப்பவர்களில் உயிரோடு இருக்கிறவர்களைக் கண்டுபிடித்து, அவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகுதான். பக்கத்துத் தாமான்களில் விசாரித்தால் ஒருவராவது அகப்படுவார். அவர் வீட்டுக்குப் போகும்போது டின்னை முழுசாகக் கொண்டுபோங்கள், போனில் பதிவு செய்துகொள்ளச் சம்மதமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.