டிஸ்க் பேட் மாற்றியும் முன் பிரேக் பிடிக்கவில்லை. மெக்கானிக்கிடம் போகுமுன் வீட்டில் என்ன பார்க்கலாம்?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: 2016 மாடல், 150 சிசி வண்டி. முன் டிஸ்க் பேட் புதிதாகப் போட்டாகிவிட்டது, பிரேக் ஆயிலும் அளவில் இருக்கிறது. ஆனாலும் லீவரை விரல் வலிக்க இறுக்கினால்தான் வண்டி மெதுவாகிறது.

கழற்றிய பழைய பேடுகள் இருக்கின்றனவா, தூக்கிப் போட்டுவிட்டீர்களா? நான் தூக்கிப் போட்டேன். அதற்குத் தண்டனையாக இரண்டு மாதம் அலைந்தேன்.

எனக்கு வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரம். ஜன்னல் கம்பி வருடா வருடம் பெயிண்ட் கேட்கும் இடம். வண்டி இரவு பகலாகத் தெருவில்தான் நிற்கும். இது போதாதென்று, ஓட்டக் கற்றுக்கொடுத்த அப்பா "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்" என்று சொல்லி வைத்திருந்தார். சென்னையில் பாதிப் பேர் இந்தப் பயத்தோடுதான் ஓட்டுகிறோம். உண்மையில், பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை பெரும்பாலும் முன்பக்கம் சாய்கிறது, பின் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. அதனால்தான் ஒரே ஒரு டிஸ்க் கொடுக்கும் வண்டியில் அதை முன்னால் வைக்கிறார்கள். நான் அதைப் பல வருடம் அலங்காரப் பொருளாக வைத்திருந்தேன். மத்திய கைலாஷ் சிக்னலில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றபோது முதல்முறையாக முழு பலத்தோடு பிடித்தேன். வண்டி நிற்க யோசித்தது. ஒரு சாண் இடைவெளியில் தப்பித்தேன்.

பேட் மாற்றினேன், மாற்றமில்லை. ஆயில் மாற்றினேன், அப்போதும் இல்லை. டிஸ்க்கையே மாற்றச் சொன்னார் ஒருவர். அந்தச் செலவுக்குப் பயந்துதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன்.

முதலில் லீவரைக் கேளுங்கள். வண்டி நிற்கும்போதே நன்றாக அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு மாதிரி அமுங்கி, நாலைந்து முறை அடித்த பிறகு இறுகினால் உள்ளே காற்று இருக்கிறது. பிடித்துக்கொண்டே இருக்கும்போது மெல்ல மெல்ல கைப்பிடியை நோக்கி இறங்கினால், எங்கேயாவது ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். வெளியே கசிவு இல்லையென்றால், லீவர் பக்கத்தில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. அது வீட்டு வேலை இல்லை, கடைக்குக் கொடுத்துவிடுங்கள். லீவர் கல் மாதிரி இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் ஆயிலைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு சக்கரத்துப் பக்கம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இந்த வகை.

நம் வண்டிகளில் பெரும்பாலும் பிஸ்டன் (ஆயில் அழுத்தத்தில் வெளியே தள்ளும் உருளை) டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அது தன் பக்கத்துப் பேடைத் தள்ளும். அந்த அழுத்தத்தில், பேடுகளையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் (pin, சின்ன இரும்புக் கம்பிகள்) மேல் வழுக்கி நகர்ந்து, எதிர்ப்பக்கப் பேடை இழுத்து வந்து சேர்க்கும். அந்தப் பின்கள் துருவேறி இறுகினால் காலிப்பர் நகராது. ஒரு பேட் மட்டும் டிஸ்க்கை முட்டிக்கொண்டிருக்கும், மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும். இங்கேதான் பழைய பேடு பேசும். பிஸ்டன் பக்கம் நன்றாகத் தேய்ந்து, மறுபக்கம் கனமாகவே இருந்தால் பின்தான் குற்றவாளி. நான் குப்பையில் போட்டது அந்தச் சாட்சியைத்தான்.

பேடு கையில் இல்லையென்றாலும் பரவாயில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, மொபைல் டார்ச்சை டிஸ்க்கின் விளிம்பில் அடித்துக்கொண்டு, வீட்டில் யாரையாவது லீவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். காலிப்பர் லேசாக நகர்ந்தால் சரி. காலிப்பர் அப்படியே நின்று டிஸ்க் ஒரு பக்கமாக வளைவது தெரிந்தால் விஷயம் முடிந்தது.

கழற்றும்போது ஒரு சின்ன சூட்சுமம்: பேடுகளைக் கோத்திருக்கும் ஊசியை, காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே லூஸ் செய்துகொள்ளுங்கள். கழற்றிய பிறகு அதைப் பிடித்துத் திருக ஒரு கை போதாது. அப்புறம் காலிப்பரைப் போர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்) பிடித்திருக்கும் இரண்டு போல்ட். காலிப்பர் வெளியே வந்ததும் யாரும் லீவரைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். எங்கள் வீட்டில் சின்னப் பையன் இருப்பதால் நான் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிடுவேன். பிரேக் ஓஸில் தொங்க விடாமல் காலிப்பரைக் கயிற்றால் கட்டி வையுங்கள்.

நல்ல காலிப்பர் விரலால் தள்ளினாலே பின் மேல் வழுக்கும். என்னுடையது அசையவில்லை. பேடுகளை எடுத்துத் தூர வைத்துவிட்டு, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, ஒரு டீ குடித்து வந்து முறுக்கி முறுக்கி இழுத்தேன். வெல்லப்பாகு நிறத்தில் வந்தது பின். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிரேக் கிளீனரால் கழுவி, சிலிகான் கிரீஸ் தடவிப் போட்டேன். சாதாரண கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊதவைக்கும். பின்னில் துரு பள்ளம் பறித்திருந்தாலோ ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ புதிதாகப் போடுங்கள். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் வண்டி மாடலைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். புதுப்பேட்டையில் பழைய சாமான் எது வேண்டுமானாலும் வாங்குவேன், பிரேக் சாமான் மட்டும் வாங்க மாட்டேன்.

பிஸ்டனைச் சுற்றி இருக்கும் அழுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்த பிறகே உள்ளே தள்ளுங்கள். தள்ளும்போது மேலே ஆயில் டப்பா வழியக்கூடும், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயிண்ட் உரியும், பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

காலிப்பர் பின் நன்றாகவே இருக்கிறது என்றால் பேடின் முகத்தைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தால் உப்புத்தாளைத் தரையில் விரித்து எட்டு போடுவது போலத் தேய்த்தால் போதும். கறுத்து எண்ணெய் மின்னினால் அந்தப் பேடு புதிதாக இருந்தாலும் போச்சு. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அடுத்த பேடு போட்டால் அதுவும் போகும். போர்க் சீல் கசிந்தால் ஆயில் போர்க் வழியே இறங்கி காலிப்பருக்கே வரும். வாட்டர் வாஷ் கடைகளில் சக்கரத்துக்கும் டீசல் அடித்துப் பளபளப்பாக்கித் தருவார்கள் சிலர். வண்டியை விடும்போதே "டிஸ்க்கில் எதுவும் அடிக்காதீங்க" என்று சொல்லிவிடுவது என் வழக்கம்.

லீவர் பஞ்சாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம். ஆயில் டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று ஆயிலின் வகை எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு 155 டிகிரிதான் உத்தரவாதம். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து வைத்த பாதி பாட்டிலை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். டப்பாவில் டிகாக்ஷன் நிறம் தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஏர் எடுக்க ஒரு ஸ்பேனர், நிப்பிளில் (காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் சின்ன திறப்பு) இறுக்கமாக உட்காரும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் (மீன் தொட்டிக்குப் போடுவதே போதும்), ஒரு பாட்டில். லீவரை அடித்துப் பிடி, நிப்பிளைக் கால் சுற்றுத் திற, மூடு, பிறகு லீவரை விடு. இந்த வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். டப்பா காலியாக விடாதீர்கள். கடைசியில் பிடிவாதமாக நிற்கும் குமிழிகளுக்கு, லீவரைத் துணியால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விட்டால் காலையில் லீவர் இறுகியிருக்கும். ஏன் என்று பலரும் பலவிதம் சொல்கிறார்கள், எனக்கு வேலை நடந்தது.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் வந்த வண்டிகளில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) உண்டு. பேடும் பின்னும் அவற்றிலும் இதே கதைதான். ஆனால் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால் வீட்டில் எடுக்கப் பார்க்காதீர்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, கிளம்பும் முன் லீவர் இறுகும் வரை அடியுங்கள். முதல் இரண்டு மூன்று அடிக்கு அது கைப்பிடி வரை வந்துவிடும், தெருவில் வண்டி போகும்போது இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. வாசலிலேயே நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். பிறகு ஆளில்லாத நேரத்தில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிற்காமல், பத்துப் பதினைந்து முறை குறைத்துக் குறைத்து ஓட்டினால் புது பேடு டிஸ்க்கோடு பழகும். நான் விடியற்காலையில் போனேன். நாலாவது முறையே முன் போர்க் அமுங்கியதில் மூக்கு ஹேண்டில்பார் பக்கம் போனது. அப்பாவின் பயம் ஒரு நொடி புரிந்தது.

உங்கள் பழைய பேடுகள் மெக்கானிக் கடை டப்பாவில் இன்னும் கிடந்தால் வாங்கி வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கருத்தில் எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.