கிளவுட் தொலைபேசிச் சேவையைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எப்படி மேம்படுத்தி விரிவாக்கலாம்?

அழைப்புகளைப் பிரித்தனுப்பும் கருவியை அலுவலகத்தில் வைக்காமல், அந்த வேலையைத் தொலைவிலுள்ள சர்வர்களிடம் ஒப்படைத்து இணையம் வழியே பேசுவதே கிளவுட் தொலைபேசி. சொந்தக் கிணற்றிலிருந்து குழாய் நீருக்கு மாறுவது போன்றது இது.

குரல் சிறு துண்டுகளாகப் பயணிக்கிறது. மின்னஞ்சல் காத்திருக்கும், பேச்சு காத்திருக்காது. ஒரு திசையில் தாமதம் 150 மில்லி விநாடியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். ஆகவே, ஆம்புலன்சுக்கு வழிவிடுவது போல வலையமைப்பில் குரலுக்கு முன்னுரிமை தர வேண்டும். புதிய வசதிகளை அடுக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். வாடிக்கையாளருக்கு அருகே, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சர்வர்கள் இருந்தால் தாமதமும் குறையும். ஒன்று பழுதானால் இன்னொன்று ஏற்றுக்கொள்ளும். பழைய தொலைபேசி எண்ணையே வைத்துக்கொள்ள விட்டால் சிறு நிறுவனங்களும் தயங்காமல் வரும்.

இணைய வேகத்தைக் கூட்டினால் குரல் தெளிவாகிவிடும் எனப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஓர் அழைப்புக்கு விநாடிக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் போதும், அது தடையின்றிச் சீராக வர வேண்டும்.