ஸ்பானியத்தில் "நான் போயிருப்பேன்" என்பதற்கு "இரீயா" வருமா, "அப்ரீயா இதோ" வருமா? இதை எப்படி அமைப்பது?

அப்ரீயா இதோ.

இதோடு முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் இதே இடத்தில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு ஒரு திங்கட்கிழமை முழுக்க அவஸ்தைப்பட்டவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஸ்பானிய மொழியின் பி2 நிலைத் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த வேகத்தடையில் வந்து முட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். "இரீயா" என்றால் போவேன்: லீவு கிடைத்தால் போவேன் என்கிற மாதிரி, இன்னும் வாய்ப்பு இருக்கிறது. "அப்ரீயா இதோ" என்றால் போயிருப்பேன். போகவில்லை, பஸ் கிளம்பிவிட்டது.

அமைப்பது கஷ்டமில்லை. "ஆபெர்" என்ற துணைவினை முன்னால்: யோ அப்ரீயா, தூ அப்ரீயாஸ், எல் அப்ரீயா, நொஸோத்ரோஸ் அப்ரீயாமோஸ், பொஸோத்ரோஸ் அப்ரீயாய்ஸ், எல்யோஸ் அப்ரீயான். மெக்சிகோ, கொலம்பியா பக்கம் பேசப்போகிறீர்கள் என்றால் பொஸோத்ரோஸை (பலரைப் பார்த்துச் சொல்லும் "நீங்கள்") மறந்துவிடலாம். அங்கே "உஸ்தேதெஸ் அப்ரீயான்"தான். பின்னால் வினையெச்சம் மாதிரி ஒன்று: ஆப்லார் (பேசு) என்றால் ஆப்லாதோ, கொமெர் (சாப்பிடு) என்றால் கொமீதோ. இந்த விதிக்கு அடங்காத பிள்ளைகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை: எச்சோ, திச்சோ, பீஸ்தோ, புவெஸ்தோ, எஸ்க்ரீத்தோ, ரோத்தோ, அபியெர்த்தோ, புவெல்தோ. ஆணோ பெண்ணோ, ஒருவரோ பலரோ, இந்த இடத்தில் அவை மாறாது. "உன்னிடம் அதைச் சொல்லியிருப்பேன்" என்பதற்கு "தே லோ அப்ரீயா திச்சோ": தே (உன்னிடம்), லோ (அதை) எல்லாம் முன்னால்தான் வரவேண்டும், நடுவில் நுழைக்கக் கூடாது.

இனி என் கதை. சென்னையில் ஒரு கம்பெனியில் ஸ்பெயின் சப்ளையர்களின் இன்வாய்ஸ் பார்க்கும் வேலை. ஸ்பெயின் நேரம் நமக்கு வெயில் காலத்தில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். அதனால் மதியம்தான் ஷிப்ட் தொடங்கும். பில்பாவோவில் இருந்த ஒரு சப்ளையரின் கணக்குப் பிரிவு அம்மா, வெள்ளிக்கிழமை வரவேண்டிய பணம் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதியிருந்தார். அவர்கள் அனுப்பிய இன்வாய்ஸில் ஆர்டர் எண் தப்பு. "சரியான இன்வாய்ஸ் வந்திருந்தால் வெள்ளிக்கிழமையே கட்டியிருப்போம்" என்று எழுத நினைத்தேன். "ஸி" ("ஆல்" என்கிற நிபந்தனைச் சொல்) போட்டு ஆரம்பித்தால் அடுத்தது ஆபெரின் இன்னொரு வடிவமான "உபியேரா" வரவேண்டுமே என்று பயந்து, புத்திசாலித்தனமாகச் சுருக்கினேன்: "கோன் லா ஃபக்தூரா கொர்ரெக்தா, அபீயாமோஸ் பகாதோ எல் பியெர்னெஸ்."

அப்ரீயாமோஸ் இல்லை. அபீயாமோஸ். ஒரு "ர்" போய்விட்டது. "கட்டியிருப்போம்" என்பது "கட்டியிருந்தோம்" ஆகிவிட்டது.

பதில் பத்தே நிமிடத்தில் வந்தது: கட்டியதற்கான வங்கி ரசீதை அனுப்புங்கள். மெயில் நகலில் (சிசி) அவர் மேலாளர், என் டீம் லீட், என் டீம் லீடுக்கு மேலே இருப்பவர். கட்டாத பணத்துக்கு எங்கிருந்து ரசீது? ராத்திரி எட்டு மணிவரை யார் யாரோ வங்கிக் கணக்கைப் புரட்டினார்கள். கடைசியில் போன் போட்டேன். அந்த அம்மா மெயிலை உரக்கப் படித்துப் பார்த்து, ஒரு நிமிடம் நிறுத்தி, "தே ஃபால்தா ஊனா எர்ரே" என்றார். ஒரு ர் குறைகிறது. அப்புறம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த "ர்" சும்மா ஒட்டிக்கொண்டதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆபெர் என்ற முழு வினையின் கடைசி ர் அது. அதன் மேல் "ஈயா" ஏறியதுதான் அப்ரீயா. அந்த "ஈயா"வும் ஒரு காலத்தில் அதே ஆபெரின் இறந்தகாலம்தான், தேய்ந்து வாலாகிவிட்டது. ர் இருந்தால் நடக்காத கதை, போனால் நடந்த கதை. வகுப்பில் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

வகுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் ஸ்பானியம் சொல்லித்தருகிறவர்கள் எல்லாவற்றையும் இங்கிலீஷ் வழியாகத்தான் ஓட்டுகிறார்கள். நம்மிடம் இருப்பதைப் பாருங்கள்: "தெரிந்திருந்தால் வந்திருப்பேன்." இரண்டு பக்கமும் "இரு". ஸ்பானியத்தில் "ஸி லோ உபியேரா சபீதோ, அப்ரீயா பெனீதோ." இரண்டு பக்கமும் ஆபெர். "இருந்தால்" வந்தால் உபியேரா, "இருப்பேன்" வந்தால் அப்ரீயா. எனக்கு இது போதுமானதாக இருந்தது. மொழியியல் படித்தவர்கள் கமென்டில் அடிக்க வரவேண்டாம், நான் பி.காம். இரண்டும் ஒரே இலக்கணம் என்று சொல்லவில்லை, ஞாபகம் வைக்க உதவியது என்கிறேன், அவ்வளவுதான்.

இதில் ஒரு பள்ளமும் உண்டு. நம் "வந்திருப்பார்" இரண்டு வேலை பார்க்கும். "இந்நேரம் வந்திருப்பார்" என்பது ஊகம். அதற்கு ஆபெரின் எதிர்காலமான "அப்ரா" போடவேண்டும். "பஸ் கிடைத்திருந்தால் வந்திருப்பார்" என்றால் அப்ரீயா. பின்னால் "ஆனால் வரவில்லை" என்று ஒட்டிப் பாருங்கள், ஒட்டினால் அப்ரீயா. எல்லா இடத்துக்கும் இது சரிவராது. "வெள்ளிக்கிழமைக்குள் கட்டி முடித்திருப்போம் என்றார்" என்பதிலும் அப்ரீயான்தான் வரும், கட்டினார்களா இல்லையா என்பது வேறு விஷயம். சொன்னது நேற்று, வெள்ளி அதற்குப் பின், கட்டுவது வெள்ளிக்கு முன். ஆந்திரேஸ் பெல்யோ என்ற இலக்கண அறிஞர் 1847இல் எழுதிய இலக்கணத்தில் இதற்கு "முன்-பின்-இறந்தகாலம்" என்று பொருள்படும் பெயரை வைத்தார். மெக்சிகோ பள்ளிப் புத்தகங்களில் இன்றும் "ஆந்தெபொஸ்ப்ரெதேரித்தோ" என்றுதான் இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

தேர்வெல்லாம் எழுதிப் பாஸானேன். சான்றிதழ் காட்டினால் மொழிப்படி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்வுக் கட்டணத்தையும் திருப்பித் தருவார்களாம். ரசீதில் என் இனிஷியல் பின்னால் இருக்கிறது, கம்பெனிப் பதிவில் முன்னால் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கெல்லாம் இன்வாய்ஸ் சரிபார்க்கிறவளின் ரசீதுக்கு அந்த கதி. சரி, விடுங்கள், நீங்கள் கேட்டது இது இல்லை.

ஒன்று மட்டும். அதே பில்பாவோ அம்மா, இன்னொரு நாள் போனில், "ஸி மே அப்ரீயாஸ் யமாதோ..." என்று ஆரம்பித்தார். என்னைக் கூப்பிட்டிருந்தால், என்று. "ஸி" பக்கத்தில் உபியேராஸ் அல்லவா வரவேண்டும்! எர்ரேவுக்குப் பழிவாங்க நாக்கு துடித்தது. நல்லவேளை வாயைத் திறக்கவில்லை. பில்பாவோ இருக்கிற பாஸ்க் நாடு, நவார்ரா, லா ரியோஹா, புர்கோஸ் என்று வட ஸ்பெயின் பக்கம் பலர் அப்படித்தான் பேசுவார்களாம். அவர்கள் பேசலாம், நீங்கள் தேர்வில் எழுதினால் மார்க் போகும். குழம்பினால் இரண்டு பக்கமும் உபியேராவே போட்டுவிடுங்கள்: "ஸி லோ உபியேரா சபீதோ, உபியேரா பெனீதோ." ஸ்பானிய மொழிக்கான அகாடமியே அதை ஏற்கிறது. இரண்டு பக்கமும் அப்ரீயா மட்டும் வேண்டாம்.