பதில்: முதல் 40 நிமிடம் நகரவே இல்லையாம்

வணக்கம் நண்பரே. வேலூர் எஸ்.ஐ. ஒருவரின் மனப்போராட்டம்தான் உங்கள் திரைக்கதை. முதல் 40 நிமிடம் நகரவில்லை என்கிறார்கள், தொடக்கத்திலேயே ஒரு கொலையை வைத்துவிடவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

மெதுவாகப் போவது குறையில்லை. உங்கள் ஆள் மூன்று காட்சிகளில் தனியாக உட்கார்ந்து குடிக்கிறார்; மூன்றிலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான். இரண்டை வெட்டுங்கள். (சினிமா போலீஸ் குடிக்காமல் கவலைப்படவே கூடாதா என்ன?) கலக்கத்தை வேலையிலேயே காட்டலாம். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியில் இரவுப் பணி. பாலாற்று மணல் லாரி ஒன்றை விட்டுவிடுகிறார். மறுநாள் காலை ரோல்காலில் (காவலர் வருகைக் கணக்கெடுப்பு) ரைட்டர், அதாவது ஸ்டேஷன் எழுத்தர், அவரைப் பார்க்கிற பார்வை போதும். அடுத்த வாரம் அதே லாரி வரும்போது நிறுத்தச் சொல்லி டார்ச்சைத் தூக்குவாரா, மாட்டாரா என்று நாமே காத்திருப்போம்.

கொலை வேண்டியே ஆக வேண்டுமென்றால், அவர் அவசரமாக முடித்த பழைய சந்தேக மரணக் கோப்பாக வரட்டும். கதை நடப்பது 2018 என்றால் அந்தக் கோப்பில் வர வேண்டியது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆவது பிரிவு. நீங்கள் எழுதியிருக்கும் பிஎன்எஸ்எஸ் (அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 194ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்ததே 2024 ஜூலை 1இல்தான். அப்புறம், ராணிப்பேட்டை தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதனால் ராணிப்பேட்டை எஸ்.பி. போனில் திட்டுகிற காட்சி நிற்காது, வேலூர் எஸ்.பி.யே திட்டட்டும்.

சோதனைச் சாவடிக் காட்சியை எழுதினால் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.