இலவச மென்பொருளைக் கற்றவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? சோமனூர்த் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதியாண்டில் இருக்கும் தம்பி, அதாவது தங்கள் மகன், கோவைப் பயிற்சி நிலையம் ஒன்று பெருந்தொகை கேட்கும் வகுப்பில் சேர மறுத்துவிட்டு, வீட்டிலிருக்கும் பழைய கணினியில் காக்டை (Cacti) என்ற இலவச வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருளை நிறுவி, பொழுதெல்லாம் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒன்று. காசில்லாமல் கிடைப்பதைக் கற்றவருக்கு எந்தக் கம்பெனி சம்பளம் தரும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன்; அது தெளிந்தால் முதலாவது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கணினி வலையமைப்பைக் கண்காணிக்கும் துறையில் மூல நிரலை எவரும் பார்த்துத் திருத்தும்படி திறந்துவைத்த 'திறந்த மூல' மென்பொருள்தான் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டோபியாஸ் ஓட்டிக்கர், வெளியுலகுக்கு இருந்த ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு எவ்வளவு நெரிசலில் ஓடுகிறது என்று அறிவதற்காக எழுதிய எம்.ஆர்.டி.ஜி. என்ற நிரலை 1995-இல் வெளியிட்டார். அளவீடுகளைச் சேமித்து வரைபடமாக்கும் ஆர்.ஆர்.டி.டூல் என்ற அவருடைய அடுத்த கருவி 1999-இல் வந்தது. அதன்மேல் கட்டப்பட்டதுதான் தம்பி பயன்படுத்தும் காக்டை. நாகியோஸ், லாட்வியாவில் பிறந்த ஜாபிக்ஸ், புரோமிதியஸ், கிராஃபானா ஆகிய கண்காணிப்புக் கருவிகளும் திறந்த மூலமாக வந்தவையே. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா தன் கிராஃபானா வரைபடங்களில் பலவற்றை எவரும் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கிறது. தம்பியிடம் கேட்டால் கைப்பேசியிலேயே காட்டுவார். மென்பொருளுக்கு விலை இல்லை என்பதால் அதை நடத்தத் தெரிந்தவருக்கும் விலை இல்லை என்று ஆகிவிடாது. உரிமக் கட்டணம் மிச்சப்படுவதனாலேயே, நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆளைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

ஆனால் நிறுவுவது இதில் எளிய பங்கு. கடினமான பங்கு எது என்பதைத் தங்கள் தறிக்கூடத்து மின்மீட்டரை வைத்தே சொல்லிவிடலாம். அந்த மீட்டர் இன்றைக்கு எவ்வளவு ஓடியது என்று காட்டுவதில்லை. ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்ணைக் காட்டுகிறது, முந்தைய கணக்கைக் கழித்தால்தான் பயன்பாடு தெரிகிறது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சும், வெளி வலையமைப்போடு இணைக்கும் ரவுட்டரும் அப்படித்தான், தம் வழியே சென்ற பைட்டுகளை எண்ணிக்கொண்டே போகின்றன. கருவிகளிடம் நிலவரம் கேட்பதற்கான எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை வழியாகக் காக்டை வழக்கமாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த எண்ணைக் கேட்டு, வித்தியாசத்தை வினாடிகளால் வகுத்து, கோடாக வரைகிறது. பழைய 32 பிட் எண்ணி (கவுண்டர்) சுமார் 429 கோடி பைட்டுகளில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் அதற்கு 6 நிமிடம்கூட ஆகாது; ஒரு கிகாபிட் இணைப்பில் சுமார் 34 வினாடிகள் போதும். இரண்டு கேள்விகளுக்கு இடையில் எண்ணி பலமுறை சுற்றிவிட்டால் வரைபடம் கூசாமல் பொய் சொல்லும். எளிதில் நிரம்பாத 64 பிட் எண்ணியை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்லத் தெரிந்த மாணவரை நேர்முகத் தேர்வில் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆர்.ஆர்.டி.டூல் கோப்பு எத்தனை ஆண்டு ஓடினாலும் பெருகாது. பழைய அளவீடுகளைச் சராசரியாகச் சுருக்கிக்கொண்டே வரும். ஆகவே திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிக் கெடு நாளன்று மாலையில் ஒரு மணி நேரம் இணைப்பு உச்சத்தில் முட்டி நின்றிருந்தாலும், ஆண்டு வரைபடத்தில் அந்த நாள் சாதாரணமாகவே தெரியும், உச்ச அளவுகளைத் தனியே சேமிக்கச் சொல்லியிருந்தால் ஒழிய. கோடு ஓரிடத்தில் அறுபட்டிருந்தால் கருவி நின்றதா, இடையிலுள்ள கேபிள் போனதா, அல்லது கண்காணிக்கும் கணினிக்கே மின்சாரம் இல்லையா என்று பிரித்தறிய வேண்டும். கோடு உச்சியில் சமதளமாக நின்றால் இணைப்பின் கொள்ளளவு தீர்ந்துவிட்டதென்று ஐயுற வேண்டும். இந்த வாசிப்புத்தான் வேலை. எந்த நிலையமும் இதை மூன்று மாதத்தில் ஊட்டிவிடும் என்று நான் நம்பவில்லை.

ஆகையால், பணம் கட்டுவதைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். அதற்குள் தம்பி வீட்டு ரவுட்டரோடு நின்றுவிடாமல், தம் கல்லூரி ஆய்வகத்திலோ, தங்களுக்குப் பழக்கமான நூற்பாலையிலோ ஓரிரு ஸ்விட்சுகளைக் கண்காணிக்கட்டும். உரியவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. பல கருவிகளில் 'பப்ளிக்' என்றே விடப்பட்டிருக்கும் எஸ்.என்.எம்.பி. அடையாளச் சொல்லை மாற்றுவதும், இயலுமிடத்தில் குறியாக்கம் உள்ள எஸ்.என்.எம்.பி. மூன்றாம் பதிப்புக்கு நகர்வதும் முதல் நாள் வேலையாக இருக்க வேண்டும். எந்தத் தேதியில் எது நின்றது, வரைபடம் என்ன காட்டியது, காரணம் என்னவாக இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வரச் சொல்லுங்கள். அந்த நோட்டு சான்றிதழைவிட நன்றாகப் பேசும். இதனுடன் லினக்ஸ் இயங்குதளமும், வலையமைப்பிலுள்ள கருவிகளின் முகவரிகளைப் பிரித்தமைக்கும் ஐ.பி. முகவரிப் பகுப்பும் சேர வேண்டும், பின்னர் சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழான சி.சி.என்.ஏ. தேர்வு எழுதலாம், அதற்கான செலவு வீண்போகாது. நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் இடத்தில் மட்டும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

வேலை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். இணையச் சேவை நிறுவனங்கள், கோவையின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள், பெரிய மருத்துவமனைகள், கல்லூரிகள், பல கிளைகளை இணைத்து நடத்தும் ஆலைகள் ஆகியவற்றில் வலையமைப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறது. தொடக்கச் சம்பளம் மென்பொருள் எழுதுபவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். கண்காணிப்பு மையப் பணி இருபத்து நான்கு மணி நேரமும் சுழற்சியில் நடப்பது. முதல் சில ஆண்டுகள் இரவுப் பணி தவிர்க்க முடியாதது. இரவு ஷிப்ட் தறிக்காரர் வீட்டுக்குப் புதிதில்லை என்றாலும், தம்பியின் உடல்நிலைக்கும் மனதுக்கும் அது ஒத்துவருமா என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.