டிசைன் பண்ற இடத்துல சரியா இருக்குற ஃபார்ம், வேற லேப்டாப்ல ஏன் கோணலாவுது?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் காலேஜ் ப்ராஜெக்ட் பண்ற பிள்ளைங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. ஃபார்ம்னா நாம எழுதுற ப்ரோகிராமோட பட்டன், பெட்டி எல்லாம் இருக்குற விண்டோ. அது கோணலாக முக்கிய காரணம் டிஸ்ப்ளே ஸ்கேலிங். டிஸ்ப்ளே ஸ்கேலிங்னா திரையில உள்ள எழுத்து, பட்டன் எல்லாத்தையும் விண்டோஸ் எவ்வளவு பெருசாக்கி காட்டணும்ங்குற செட்டிங், அவ்வளவுதான். 100%னா இஞ்சுக்கு 96 புள்ளி, அதாவது பிக்சல்னு கணக்கு, 125%னா 120, 150%னா 144.

சிக்கல் எங்கன்னா, நாம பட்டனோட அகலத்த 80 பிக்சல்னு கட்டிப்போட்டு வச்சிருப்போம், எழுத்து மட்டும் பெருசாகும், பெட்டி அப்பிடியே நிக்கும், கடைசி ரெண்டு எழுத்து வெட்டுப்பட்டுப் போகும். இன்னொண்ணு, 1 பிக்சல் கோடு 125%ல 1.25 ஆகணும், ஆனா கால் பிக்சல்னு ஒண்ணு கிடையாதே. நம்ம தோவாளை மாணிக்கமாலைய நினைச்சுப் பாருங்க, அரளிப்பூவ மடக்கி கட்டம் கட்டமா கோர்த்திருப்பாங்க, அந்த டிசைன கால் பங்கு பெருசாக்கணும்னா கால் பூவ எங்க வைக்க? கம்ப்யூட்டர் அந்த இடத்துல பக்கத்து நிறங்கள கலந்து ஒப்பேத்தும், அதான் மங்கலா தெரியுது.

ப்ரோகிராம் எழுதுற விஷுவல் ஸ்டுடியோ சாஃப்ட்வேர்ல, இந்த ஃபார்ம வரையுற பழைய விண்டோஸ் ஃபார்ம்ஸ் டிசைனர் 100%க்குன்னு எழுதினது. 150% மானிட்டர்ல திறந்தா மேல மஞ்சப் பட்டை வந்து 100%ல மறுபடி திறக்கவான்னு கேக்கும், சம்மதிச்சிடுங்க, இல்லன்னா அளவெல்லாம் மாறி ஃபைல்லயே சேவ் ஆயிடும், டீமா வேலை செய்யுறவங்களுக்கு அது பெரிய தலைவலி. எழுத்துக்கு ஏத்த மாதிரி பெட்டிய தானா பெருசாக்குற ஆட்டோசைஸ், பட்டன், பெட்டிங்கள தானா ஒழுங்கா அடுக்குற லேஅவுட் பேனல், ரெண்டும் பழகிக்கோங்க.

ரெசல்யூஷன, அதாவது திரையில காட்டுற மொத்த புள்ளிங்க எண்ணிக்கைய, குறைச்சா சரியாகும்னு பலரும் நினைக்காங்க, அது வேற ஸ்கேலிங் வேற, குறைச்சா எல்லாமே இன்னும் மங்கத்தான் செய்யும்.